ஹுட்விங்க் என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியானது: ஞாயிறு இதழில் நான் எழுதிய சொல் வரலாறு தவறு. ஆதாரம், பெரிய ஆங்கில அகராதியின் 'ஹெச்' தொகுதி. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறி வந்து என் மேசையில் போட்டவர் சல்லடை. நேரம் காலை 11.20.

சல்லடை என்பது எங்கள் பிழை திருத்துநரின் பட்டப்பெயர். நானும் அவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் மாடியேறி வந்தால் யாருக்கோ ஒரு திருத்தம் காத்திருக்கிறது என்று அர்த்தம். இன்று எனக்கு.

"பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கடிதம் போட்டிருக்கார்" என்றார். "உங்க பத்தியை வகுப்புல படிச்சுக் காட்டியிருக்கார். ஒரு பொண்ணு அகராதியைத் தூக்கிட்டு வந்து, இதுல அப்படி இல்லையேன்னு கேட்டிருக்கு. மனுஷனுக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலையாம்."

சொல், ஹுட்விங்க். பொருள், ஏமாற்றுவது. நான் எழுதியது இது: பழைய காலத்துக் கடற்கரைத் திருடர்கள் விளக்குக்கு முக்காடு போட்டும் எடுத்தும் கண் சிமிட்டுவதுபோல் காட்டுவார்கள், துறைமுகம் என்று நம்பி வரும் கப்பல் பாறையில் மோதும், சொல் அதிலிருந்து பிறந்தது.

அகராதி சொல்வது: ஹுட் என்றால் முக்காடு. விங்க் என்றால் அந்தக் காலத்தில் கண்ணை மூடுவது; ஒற்றைக் கண்ணைச் சிமிட்டுவது என்பது பிற்காலப் பொருள். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது கண்ணைக் கட்டுவது என்று மட்டுமே அர்த்தம். ஏமாற்றுவது என்ற பொருள் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. கப்பல் இல்லை. விளக்கு இல்லை. பாறையும் இல்லை.

பத்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. காரணம், பத்தியின் அடியில் எப்போதும் நிற்கும் அந்த வரி: 'தகவல் சரிபார்ப்பு', அதற்குப் பக்கத்தில் சாரின் பெயர். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். நூறு வாரமாக நான் கேட்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் எழுதியவர்.

சார் தப்புப் பண்ணுவாரா?


மார்ச் 4, புதன்

ஆசிரியர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், பேச்சில் ஒருநாளும் அதைக் காட்டாதவர். இன்று கொஞ்சம் காட்டினார்.

எங்கள் பத்திரிகையில் திருத்தம் என்றால் மூன்று வரி. எது தவறு, எது சரி, தவறு எப்படி நேர்ந்தது. மூன்றாவது வரியைக் கட்டாயமாக்கியது நான்தான், தலைமை நிருபராக இருந்தபோது. அது இல்லாத திருத்தம் முகம் கழுவாமல் பவுடர் போடுவது மாதிரி என்று கூட்டத்தில் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது அந்த மூன்றாவது வரி என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வரும் ஞாயிறு இதழின் பக்கங்கள் முடிந்துவிட்டன. திருத்தம் 15ஆம் தேதிதான் வரும். மூன்று வரியும் 12, வியாழன் மாலை ஐந்துக்குள் வேண்டும்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் ஆசிரியர். "உங்க நூறு பத்தியும் புத்தகமா 20ஆம் தேதி அச்சுக்குப் போகுது. பள்ளிக்கூடங்களுக்குப் போற புத்தகம். இது ஒண்ணுதானா, வேற எங்கயாவது இருக்கா?"

"ஒண்ணுதான்" என்றேன்.

எந்த ஆதாரத்தில் சொன்னேன்?

நான் ஒற்றை ஆளை நம்பி எழுதுகிறவள் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பேர். ஒருவர் சார். இன்னொருவர் சார் வேலை பார்த்த கல்லூரியின் நூலகர். கப்பல் கதையை இருவரும் சொன்னார்கள், அச்சு மாறாமல். அச்சு மாறாமல் என்பது அப்போது தெம்பாக இருந்தது.

சாருக்கு மின்னஞ்சல் போட்டேன். போனில் பேசி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. காது மந்தமாகிவிட்டது, எழுத்தில் கேட்டால் நல்லது என்று வீட்டிலிருந்து எழுதினார்கள். நேரில் பார்த்து இரண்டு ஆண்டு. ரயிலில் மூன்று மணி நேரம்தான்.


மார்ச் 5, வியாழன்

பதில் இல்லை. மின்னஞ்சலை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று என் வீட்டுக்காரர் எண்ணினாராம். "பதினேழு" என்றார்.


மார்ச் 6, வெள்ளி

பதில் வந்தது. காலை 9.05.

'தவறு நேர்ந்துவிட்டது. மன்னிக்கவும். இனிமேல் இப்படி ஆகாது.'

மூன்று தடவை படித்தேன். சார் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சொல் முதலில் அச்சான ஆண்டைப் பற்றி என்னோடு பதினோரு கடிதம் சண்டை போட்டவர். பதினோராவதில் நான் சொன்னதே சரி என்று தெரிந்ததும், 'உன் பிடிவாதம் இந்த ஒருமுறை பயன்பட்டிருக்கிறது' என்று எழுதியவர். அவர் மன்னிக்கவும் என்பாரா? இனிமேல் இப்படி ஆகாது - இது கண்ணாடியை உடைத்த பிள்ளை பேசுவது.

மதியம் விடுப்பு எடுத்தேன். நூறு பதில்களையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். முதல் நாற்பத்திரண்டு சார் கைப்பட எழுதி, படம் பிடித்து அனுப்பியவை. போன வருடம் ஜனவரி கடைசியிலிருந்து ஐம்பத்தெட்டு தட்டச்சில் வந்தவை. கை நடுங்குகிறது, வீட்டம்மா தட்டச்சு செய்கிறார் என்று முதல் பதிலிலேயே ஒரு குறிப்பு இருந்தது. சாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இன்று எண்ணினேன். கையெழுத்தில் வந்த நாற்பத்திரண்டில் 'தெரியவில்லை' என்ற சொல் பதினான்கு இடத்தில் இருக்கிறது. 'இதன் மூலம் தெரியவில்லை.' 'இந்தக் கதை அழகாக இருக்கிறது, ஆதாரம் இல்லை, எழுதாதே.' தட்டச்சில் வந்த ஐம்பத்தெட்டில் எத்தனை?

ஒன்றுகூட இல்லை.

போன வருட ஜனவரியிலிருந்து சாருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. அது சார் இல்லை.


மார்ச் 7, சனி

நூலகரைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"கப்பல் கதையை நீங்க எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க?"

"புத்தகமா? நான் சாருக்கு ஒரு மெயில் போடுவேன் மேடம். பதில் வரும். அதைத்தான் உங்களுக்குச் சொல்வேன். சாரைவிட எனக்கு என்ன தெரிஞ்சிரப் போகுது? உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே என்றார். வருத்தமே இல்லாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவருக்கு முப்பது ஆண்டாக லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நாலு கயிறு தொங்குது, ஒண்ணு அறுந்தாலும் மிச்சம் தாங்கும்னு நம்பித்தான் சனங்க ஏறுறாங்க. நாலையும் மேல ஒரே கொக்கியில மாட்டி வச்சிருந்தா அது நாலு இல்ல, ஒண்ணுதான். வேலைக்கு வர்ற முதல் நாளே சொல்லிக் குடுப்போம். மேல ஏறிப் பாத்தியா, பாத்தியான்னு கேட்டுக்கிட்டே இருப்போம்."

"நான் ஏறிப் பாக்கலை."

"அதான் தெரியுதே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏமாத்துறதுக்கு நம்ம ஊர்ப் பேச்சுலயே எத்தனை இருக்கு. காதுல பூ சுத்துறது, கண்ணுல மண்ணைத் தூவுறது, டபாய்க்கிறது, குல்லா போடுறது. இங்கிலீஷ்காரனும் குல்லாதான் போட்டிருக்கான், கொஞ்சம் கீழ இழுத்துக் கண்ணையும் மறைச்சிட்டான். இதுக்குக் கப்பல் எதுக்கு?" என்றார்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. திங்கட்கிழமை ரயில் ஏறுகிறேன். முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.


மார்ச் 9, திங்கள்

மாலை. திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் கோபத்தில் எதையாவது கூட்டிவிடுவேன்.

தரைத்தளத்து வீடு. முன்பு மாடியில் இருந்தார்கள்; பக்கத்து வீட்டுக்காரர் கைகாட்டினார். அழைப்பு மணி அடித்ததும் அக்கா கதவைப் பாதி திறந்தார். என்னைப் பார்த்ததும் மற்றப் பாதியைத் திறக்கவில்லை.

"சார் தூங்குறாரும்மா."

"எழுந்திருக்கட்டும். உக்கார்றேன்."

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆமா." கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஆமா. ஆமா."

அக்கா கதவை விட்டுவிட்டார்.

சார் ஜன்னல் ஓரம் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் ஒரு பொருளைப் போல வைக்கப்பட்டிருந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண்கள் மட்டும் அதே கண்கள். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். "ஆமா" என்றார்.

"போன வருஷம் ஜனவரி பதினேழு" என்றார் அக்கா. "குளிக்கப் போனவர் விழுந்துட்டார். ஒரு பக்கம் வராது. பேச்சும் போயிருச்சு. இந்த ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கு. வெயிலடிக்குதான்னா ஆமா. மழை பெய்யுதான்னா ஆமா. யாருக்கும் சொல்லலை. இவரை இப்படி யாரும் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அக்கா மறுக்கவில்லை. நீதிமன்றத்தில் எத்தனையோ வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர்; தன்னுடையதையும் அந்த ஒழுங்கில் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் என் மின்னஞ்சல் வந்திருக்கிறது. எதற்கும் தலையைத் திருப்பாமல் கிடந்தவர், அக்கா அதைப் படித்துக் காட்டியதும் தலையைத் தூக்கியிருக்கிறார்.

"முகம் பழைய முகமா ஆச்சும்மா. ஒரு நிமிஷம். அந்த மெயில் நின்னு போயிரக் கூடாதுன்னு நானே பதில் போட்டேன். அவரோட நோட்டுப் புத்தகங்கள்லேருந்து எடுத்து எடுத்துத்தான் போட்டேன். நோட்டுல இல்லாததுக்கு..."

"கப்பல்?"

"அது நானே" என்றார். ஒரு கணம் குரலில் ஏதோ தட்டியது. பெருமைதான், வேறென்ன. "நல்லா இருந்துச்சில்ல?"

"நல்லா இருந்துச்சுக்கா. அதான் வினை."

"ஏதோ மனசுக்கு வந்ததை அடிச்சு அனுப்பலை நான். ஒவ்வொண்ணையும் இவருக்குப் படிச்சுக் காட்டுவேன். சரியாங்கன்னு கேப்பேன். ஆமாம்பார்."

"மழைக்கும் ஆமா, வெயிலுக்கும் ஆமான்னு இப்பத்தான் சொன்னீங்க."

அக்கா காபி டம்ளரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார் கடைசியில். "கேக்கும்போதே தெரியும். இருந்தாலும் அந்த ஆமாவைக் கேட்டுட்டுத்தான் பொத்தானை அமுக்குவேன்."

பிறகு என் பக்கம் நகர்ந்து, சாருக்குக் கேட்காதபடி: "என்னை என்ன வேணா எழுதிக்கோ. இவர் பேரைக் கெடுத்துராத. இவரால எந்திரிச்சு நிக்க முடியலை. அந்தப் பேர் ஒண்ணுதான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நிக்குது."

சாருக்குக் கேட்டிருக்க வேண்டும். காது மந்தம் என்பதும் அக்கா எழுதியதுதானே.

கிளம்பும்போது ஒரு கோப்பைக் காட்டினார். என் பத்திகளை வெட்டி ஒட்டிய தாள்கள். ஒட்டுகிற வரைக்கும் சார் விடமாட்டாராம். பல தாள்களில், அடியில் இருந்த தன் பெயரின் மேல் சார் பென்சிலால் கோடு இழுத்திருந்தார். இடது கைக் கோடு, நடுக்கத்தோடு. கடைசித் தாள், கப்பல் கதை. அதில் பென்சில் காகிதத்தைக் கிழித்திருந்தது.

"தன் பேரே பிடிக்காமப் போச்சு இவருக்கு" என்றார் அக்கா. "இந்த உடம்புல இருந்துக்கிட்டு அந்தப் பேரைப் பாக்க ஆத்திரமா இருக்கும்போல. அடிச்சு அடிச்சு வைப்பார். நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன்."

ஒப்பிட்டுப் பார்க்கக் கோப்பைக் கேட்டேன். அக்கா தயங்கினார். சார் இடது கையால் கோப்பை இழுத்து என் பைக்குள் திணித்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. "ஆமா" என்றார். "ஆமா. ஆமா."

எதற்கு ஆமா?


மார்ச் 10, செவ்வாய்

சாப்பாட்டு மேசை. அகராதி. ஐம்பத்தெட்டு பத்திகள். இரவல் மூளையை நம்பியது போதும், நானே உட்கார்ந்து பார்க்கிறேன். மாலைக்குள் முப்பத்தொன்று பார்த்து முடித்தேன். பத்து தவறு.

ஆசிரியருக்குப் போன் செய்து, ஒன்று இல்லை, பல என்று சொன்னேன். சார் நிலைமையைச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும். அவர் ஒரு வழி சொன்னார்.

"புத்தகத்துல திருத்திரலாம். பேப்பர்ல கப்பல் ஒண்ணை மட்டும் போடுவோம். மூணாவது வரி, அச்சுப் பிழைன்னு போட்டுரலாமா? யாருக்கும் சேதாரம் இல்லை."

யாருக்கும் சேதாரம் இல்லை. நல்ல யோசனைதான். ஏன் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை நான்?


மார்ச் 11, புதன்

காலை. ஆத்திரம் ஆத்திரமா வருது. அக்கா மேல. ஒரு வரி எழுதியிருக்கலாமே, சாருக்கு முடியலைன்னு? நான் என்ன பத்திய நிறுத்திட்டு ஓடியா போயிருப்பேன்? வாராவாரம் போய்ப் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டியிருப்பேனே.

படிச்சுக் காட்டியிருப்பியா? ரெண்டு வருஷத்துல ஒரு தடவை போகலையே நீ. பதில் வந்துச்சு, பத்தி வந்துச்சு, போதும்னு இருந்த. உன் கண்ண அவங்க கட்டினாங்களா, நீயே முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டியா?

கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைக்குத் தன் கண் கட்டியிருப்பது தெரியும். அந்தச் சொல்லுக்கும் முதலில் அதுதான் பொருள், வெறும் கட்டு. கட்டப்பட்டதே தெரியாமல் நிற்பது என்பது பிறகு வந்தது. சொல்லுக்கு ஐம்பது ஆண்டு பிடித்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வாரம்.

மதியம் 3.40. அலுவலகத்தில்.

சரி பார்த்து முடித்தேன். பதினெட்டு தவறு. முப்பத்தொன்பது சரி. ஒன்றைத் தனியே வைத்திருக்கிறேன், அதை அகராதியாலும் தீர்க்க முடியவில்லை. தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்துச் சல்லடையிடம் கொண்டுபோனேன், புத்தகத்தில் திருத்துவதற்காக. ஆசிரியர் சொன்ன யோசனையையும் சொன்னேன்.

"அச்சுப் பிழைன்னா அது என் தலையிலதான விடியும்" என்றார். "போட்டுக்கோங்க. எட்டு மாசத்துல வீட்டுக்குப் போற ஆளு. ஆனா அச்சுப் பிழை ஒரு எழுத்தைத்தான் மாத்தும். கப்பலைக் கட்டி விடாது."

சொல்லிக்கொண்டே தவறான கட்டைப் புரட்டினார். நிறுத்தினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கோட்டைப் போட்டது யாரு? நம்ம ஆளா?"

"சார்தான். உடம்பு முடியாம இருக்கார். தன் பேர் மேலயே ஆத்திரம்."

"ஆத்திரத்துல போடுற கோடு குறுக்கயும் நெடுக்கயும் போகும். இது பேரோட முதல் எழுத்துல ஆரம்பிச்சுக் கடைசி எழுத்துல நிக்குது. பக்கத்து எழுத்து ஒண்ணைக்கூடத் தொடலை. இது நான் முப்பது வருஷமாப் போடுற கோடும்மா. இதை எடுத்துருன்னு அர்த்தம்."

கட்டை அவர் கையிலிருந்து வாங்கினேன். பதினெட்டுத் தாளிலும் கோடு. சரியான கட்டைப் புரட்டினேன். கோடு இல்லை. கோடு இல்லை. கோடு இல்லை. இருபத்தாறாவது தாளில் மட்டும் ஒரு கோடு.

சொல், சின்சியர். உண்மையான, கள்ளமில்லாத என்று பொருள். பத்தியில் இருந்த கதை: சிற்பிகள் கல்லில் விழுந்த விரிசலை மெழுகால் மறைத்து விற்பார்களாம், மறைக்காதவன் 'மெழுகு இல்லாதது' என்று சொல்லி விற்பானாம், அதிலிருந்து வந்தது. எங்கேயோ பலமுறை படித்த கதை, அதனால் அகராதியைத் திறக்காமலே சரி என்று ஒதுக்கியிருந்தேன். இப்போது திறந்தேன். சுத்தமானது என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல். மெழுகுக் கதைக்கு ஆதாரம் இல்லை.

சார் சொன்னதே சரி. பத்தொன்பது.

பேசவோ எழுதவோ முடியாத மனிதர், ஒரு வருடமாக வாராவாரம் எனக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார். அனுப்புவதற்குத்தான் ஆள் இல்லை.


மார்ச் 12, வியாழன்

காலை 10.15க்கு அக்காவுக்குப் போன் செய்தேன். கோட்டைப் பற்றிச் சொன்னேன். எண்களைச் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அப்போ முதல் வாரத்துலேருந்து தெரியுமா இவருக்கு? நான் பண்றது தப்புன்னு தெரிஞ்சே ஆமா ஆமான்னாரா?"

பின்னாலிருந்து சாரின் குரல்: "ஆமா."

அது எல்லாவற்றுக்கும் சொல்கிற ஆமாவா, இதற்கென்று சொன்ன ஆமாவா, எனக்குத் தெரியாது. அக்கா அழுதார். அழுதுகொண்டே திட்டினார். "இத்தனை நாள் என் கண்ணைக் கட்டி வச்சிருந்தீங்களாக்கும். நான் உங்களுக்குக் கட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." அதற்கும் ஆமா. இம்முறை அக்கா சிரித்துவிட்டார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

வேலையைச் சொன்னேன். நான் மூன்றாவது வரியை இரண்டு விதமாகச் சொல்வேன், அக்கா தனித்தனித் தாளில் எழுத வேண்டும், சார் கையில் பென்சிலைக் கொடுக்க வேண்டும், சரியா என்று கேட்கவே கூடாது.

முதல் தாள்: அச்சுப் பிழையால் நேர்ந்தது.

"அடிச்சுட்டார்" என்றார் அக்கா. "தாளே கிழிஞ்சு போச்சு."

இரண்டாம் தாள். ஒரு வாரமாக நான் பயந்தது, உண்மையை எழுதினால் சார் பெயர் போய்விடும் என்று. உண்மை என்னவென்று தெரியாமலே பயந்திருக்கிறேன். அந்தப் பெயரை எடுத்துவிடு என்று ஒவ்வொரு தவறிலும் சொன்னவர் அவர். அதைச் சொன்னால் போகிற பெயர் என்னுடையது மட்டும்தான்.

சொன்னேன். அக்கா எழுதினார். காத்திருந்தேன். சுவர்க் கடிகாரச் சத்தம் போனில் கேட்டது.

"பென்சிலைக் கீழ வச்சுட்டார்" என்றார்.

மாலை 4.35க்கு மூன்று வரியையும் ஆசிரியரிடம் கொடுத்தேன். பத்தொன்பதும் பேப்பரில் வரட்டும் என்றேன். படித்தார். "முப்பத்தொரு வருஷத்துல உங்க பேர்ல வர்ற முதல் திருத்தம்" என்றார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டார்.


மார்ச் 15, ஞாயிறு

இரண்டாம் பக்கம், கட்டம் போட்டு. சல்லடை ஒரு புள்ளியையும் தொடவில்லை.

'மார்ச் 1 இதழில் ஹுட்விங்க் என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரலாறும், இதற்கு முன் வெளியான பதினெட்டு சொற்களின் வரலாறும் தவறானவை. பட்டியலும் சரியான விவரமும் கீழே. இந்தப் பத்தொன்பதையும் சரிபார்ப்பவர் அப்போதே மறுத்திருந்தார். எழுதியவர் அதைப் பார்க்காமல், ஓர் ஆதாரத்தை இரண்டு என்று எண்ணிக்கொண்டார்.'

இவர் காபியோடு அதைப் படித்தார். "மேல ஏறிப் பாத்துட்ட" என்றார்.

பள்ளி ஆசிரியருக்குத் தனியே எழுதிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்லச் சொல்லி.

11.30க்கு அக்கா கூப்பிட்டார். சார் கட்டத்தை வெட்டச் சொல்லிக் கத்தரிக்கோலைக் காட்டினாராம். ஒட்டியாயிற்றாம். கோடு எதுவும் இல்லை.

இதுவரை உறுதியானது: ஐம்பத்தெட்டில் முப்பத்தெட்டு சரி, பத்தொன்பது தவறு. ஆதாரங்கள் இரண்டு, அகராதியும் சாரும். இரண்டும் வேறு வேறு கொக்கி.

நிலுவையில் இருப்பது ஒன்று. பாம்பூஸில். அதுவும் ஏமாற்றுவதற்கான சொல்தான். அக்கா அதற்கு ஒரு மூங்கில் வியாபாரியைப் படைத்திருந்தார். அகராதி, மூலம் உறுதியில்லை என்று கைவிரிக்கிறது. அந்தத் தாளில் சாரின் கோடு பெயரின் நடுவில் நின்றுவிடுகிறது. பாதி அடித்து, பாதி விட்டிருக்கிறார். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்ததுபோல் இருக்கிறது. ஆனால் அது என் ஊகம், ஊகம் ஆதாரம் ஆகாது. புதன்கிழமை ரயிலில் போய் அவர் கையில் பென்சிலைக் கொடுத்துக் கேட்கிறேன். புத்தகம் வெள்ளிக்கிழமைதான் அச்சுக்குப் போகிறது, நேரம் இருக்கிறது.

அதுவரைக்கும் அந்தச் சொல்லுக்கு எதிரே பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை: தெரியவில்லை.